சின்னக்கருப்பன் இட்ட முட்டைகள்

ஐந்தாம் லயம்,
கேமரன் மலை.
ஏப்ரல் 12

அன்புள்ள யுவனேஸ்வரிக்கு,

நாகரத்தினம் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். நீ சுகமாய் இருப்பதாகப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன். உன் பள்ளி விடுதியில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வார்டன் அறைப் போனில் கிடைக்கிற பத்து நிமிடம் அம்மாவுக்கே போதவில்லை. அதில் நான் பங்கு கேட்பது நியாயமில்லை என்றுதான் காகிதத்தை எடுத்தேன். தமிழில் கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. கடைசியாக எழுதியது போன வருடம், உன் அம்மாவை நான் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று சித்தியவானில் இருக்கும் உன் மாமாவுக்கு. பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி.

முதலில் நத்தைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ இந்தக் கடிதத்தில் தேடப்போவது அதைத்தான். சின்னக்கருப்பனும் மோகனாவும் நலம். நீ குவாந்தானுக்குப் போன மறுநாளே அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். மோகனா மூடியில் ஒட்டிக்கொண்டு கொம்பை நீட்டியது. அம்மா மூடியைக் கீழே போட்டுவிட்டு உன் குறிப்பு நோட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

பெட்டியின் மேல் நீ ஒட்டி வைத்திருக்கும் சீட்டைப் பார்த்தேன். ‘அங்கிள் தொட வேண்டாம்.’ எனக்குக் கோபம் இல்லை. இருபத்தைந்து வருடமாய்க் காய்கறித் தோட்டத்தில் மருந்து அடிப்பதும், நத்தைக்கு நீல விஷக் குருணை வைப்பதும்தான் என் பிழைப்பு. ஆட்டைக் கசாப்புக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போகிறோமே என்று உனக்குத் தோன்றியிருக்கும். அதனால் இதுவரை நான் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது அம்மாவின் பழைய மரக் கரண்டியால்தான் தூக்கி வாளியில் வைக்கிறேன். சின்னக்கருப்பன் கரண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறான். அம்மாவுக்கு இப்போது புதுக் கரண்டி வாங்க வேண்டும்.

உன் நோட்டைத் தினமும் ஒரு பக்கம் படிக்கிறேன். முட்டை ஓட்டைப் பொடி செய்து வைக்கச் சொன்னாய், வைக்கிறேன். சோத்தோங் ஓடு, அதுதான் கணவாய் ஓடு, பிரிஞ்சாங் டவுனில் குருவி விற்கிற கடையில் கிடைத்தது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து ஆறிய பிறகுதான் தெளிக்கிறேன். நான் குடிக்கிற தண்ணீருக்குக்கூட இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. ஒரு சந்தேகம். முந்தாநாளிலிருந்து சின்னக்கருப்பன் ஒரு மூலையில் தலையை மண்ணுக்குள் விட்டு, பாதி உடம்பு புதைந்து அசையாமல் கிடந்தான். நோவோ என்று பயந்துவிட்டேன். இன்று காலை தானாக வெளியே வந்து பசியோடு சுற்றுகிறான். இது வழக்கமா?

மழை விடவில்லை. போன வாரம் தோட்டம் இருக்கிற லெம்பா பெர்த்தாமில் அணைக்கட்டுச் சங்கு இரண்டு தடவை ஊதியது. அணையைத் திறந்து சேறு வந்த அந்த வருடம் கீழே நின்றவன் நான். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் செருப்பைத் தேடமாட்டேன், ஓடிவிடுவேன். இந்த முறை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேட்டிலிருந்து இறங்கிய மண் எங்கள் வீட்டுப் பாத்தியை மூடிவிட்டது. விற்கிற பாத்திகளுக்குத்தான் மருந்து அடிப்போம். நாங்கள் சமைத்துச் சாப்பிட ஒரு பாத்தியை மருந்து படாமல் தனியாக வைத்திருப்போம். உன் நத்தைகளுக்கு இத்தனை நாளும் அதிலிருந்துதான் சாலட் இலை கொண்டுவந்தேன். கவலைப்படாதே, இலைக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டேன்.

மே மாத விடுமுறைக்கு ஈப்போவில் உன் அத்தை வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அம்மா சரி என்று சொல்லிவிட்டு அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். நான் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் இந்த வீட்டில் இருப்பதுதான் காரணம் என்றால், நீ வருகிற இரண்டு வாரமும் லெம்பா பெர்த்தாம் கொட்டகையில் தங்கிக்கொள்வேன். அங்கே கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. இருபது வருடம் தனியாய் அங்கே படுத்தவன்தான் நான். நீ அம்மாவைப் பார்க்க வா.

நன்றாகச் சாப்பிடு. சோதனையைப் பயப்படாமல் எழுது.

இப்படிக்கு,
நாகரத்தினம்


ஐந்தாம் லயம்,
கேமரன் மலை.
ஏப்ரல் 27

அன்புள்ள யுவனேஸ்வரிக்கு,

உனக்குச் சோதனை வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டதென்று அம்மா சொன்னாள். அதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்னக்கருப்பன் இறந்துவிட்டான். என்னால்தான்.

போன கடிதத்தில் இலைக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா, அதுதான் அந்த ஏற்பாடு. விற்கிற பாத்தியிலிருந்து சாலட் இலை வெட்டிவந்தேன். அந்தப் பாத்திக்குப் புதன்கிழமை நானேதான் மருந்து அடித்திருந்தேன். ஏழு நாள் கழித்து வெட்ட வேண்டும், நான் நாலாம் நாள் வெட்டினேன். மூன்று தண்ணீரில் கழுவினேன். அதே இலையைத்தான் நானும் சம்பால் தொட்டுச் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுபது கிலோ ஆளுக்கு ஆகாதது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜீவனுக்கு ஆகும் என்று இத்தனை வருடம் மருந்து கலக்கியவனுக்குத் தோன்றவில்லை. உன் நோட்டில் மூன்றாம் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய், கடையில் வாங்குகிற இலையைக் கொடுக்கக் கூடாதென்று. இது கடை இலை இல்லையே, நம் தோட்டத்து இலைதானே என்று நினைத்தேன். கடைக்கு இலை எங்கிருந்து போகிறது என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. உடம்பு முழுதும் ஓட்டுக்கு வெளியே வந்து, நுரை நுரையாய் வழிந்து, தொட்டாலும் உள்ளே இழுக்காமல் கிடந்தான். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் பாத்தி ஓரங்களில் நான் பார்க்கிற காட்சி அது. விளக்குமாற்றால் கூட்டி வாளியில் அள்ளுவேன். அன்றைக்கு உன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலைக்குப் போகவில்லை. கரண்டியைத் தேடவும் இல்லை. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அவனைத் திரும்பத் திரும்ப அலசினேன். உன் சீட்டை மீறி நான் தொட்டது அன்றைக்குத்தான். இரண்டு நாள் ஒரு கொம்பு மட்டும் கொஞ்சம் அசைந்தது. வியாழக்கிழமை அதுவும் நின்றுவிட்டது.

மோகனா அந்த வாரம் முழுதும் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மூலையில் தூங்கியதால் இலையைத் தொடவில்லை. அது நலம்.

அம்மாவைக் குறை சொல்வதாக நினைக்காதே, உனக்காகத்தான் அவள் சொன்னாள். “அதே மாதிரி ஒன்னு புடிச்சிட்டு வந்து போட்டுடுங்களேன், ஆயிரம் கெடக்குதுல்ல அங்க. புள்ளைக்கு என்னா தெரியப் போவுது?” என்றாள். நானும் யோக்கியன் இல்லை. பிடித்துவந்தேன். அதே அளவு, அதே கறுப்பு. சின்னக்கருப்பனின் ஓட்டில் ஒரு வெடிப்பு உண்டே, உன் அப்பா நகப்பூச்சு தடவி அடைத்தது, அது மட்டும்தான் இதில் இல்லை. பாட்டில் இன்னும் அம்மாவின் அலமாரியில் இருந்தது. எடுத்துத் திறந்து, அந்தச் சின்ன பிரஷ்ஷையும் கையில் பிடித்துவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. உன் அப்பா லோகேஸ்வரன் தாப்பாவிலிருந்து கீரைக்கட்டோடு கொண்டுவந்தபோது அது சட்டைப் பொத்தான் அளவு இருந்ததென்றும், நீ கீழே போட்டு அழுதபோது அவர் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து அடைத்ததென்றும் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் போட்ட பூச்சை நான் போட்டுக் காட்டுவது எனக்கு அருவருப்பாக இருந்தது. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயத்தில் இல்லை, யுவனா. நீ கண்டுபிடிக்காமல் போய்விட்டால் அது இன்னும் மோசம்.

அந்த நத்தையைத் தோட்டத்திலேயே விட்டால் திங்கட்கிழமை நானே அதற்கு மருந்து வைக்க வேண்டும். அதனால் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் ஆற்றோரப் புதரில் விட்டேன். என்னோடு வேலை செய்கிற மகேன் பார்த்துவிட்டு, அண்ணனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

சின்னக்கருப்பனை உன் ஜன்னலுக்குக் கீழே ரோஜாச் செடியடியில் புதைத்தேன். ஓட்டை மட்டும் கழுவிக் காயவைத்து உன் மேசையில் வைத்திருக்கிறேன். வெடிப்பும் பூச்சும் அப்படியே இருக்கிறது.

இனி நல்ல செய்தி. மருந்து பட்ட மண் என்று பெட்டியைக் கவிழ்க்கப் போனபோது, அவன் அசையாமல் கிடந்தானே, அந்த மூலையில் ஒரு குவியல் இருந்தது. ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம் பெரிசாய், இளமஞ்சளாய். நான் முதலில் உரம் என்று நினைத்தேன். பிறகு நோட்டைப் புரட்டினேன். நத்தையில் ஆண் தனி, பெண் தனி கிடையாது, இரண்டுமே முட்டையிடும் என்று எழுதியிருக்கிறாய். நான் அதை மூன்று தடவை படித்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சின்னக்கருப்பன் முட்டையிட்டிருக்கிறான் என்றதும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். அவன் போன வீட்டில் சிரிக்கிறோமே என்று பிறகு அழுதாள்.

கணக்குப் பார்த்தால் அந்த இலையைத் தின்பதற்கு முன்பே இட்டுவிட்டான். அந்தக் கெடுதல் இவற்றில் இருக்காது என்று நம்புகிறேன்.

நூற்று அறுபத்திரண்டு இருந்தன. இருபதுக்கு மேல் பொரிக்க விடக் கூடாது, மீதியை ஐஸ்பெட்டியில் இரண்டு நாள் உறைய வைத்த பிறகுதான் வெளியே போட வேண்டும், இல்லாவிட்டால் ஊரெல்லாம் பெருகித் தோட்டங்களை அழிக்கும் என்று உன் நோட்டு சொல்கிறது. எழுதியது சரி, எனக்குத் தெரியாததா? ஆனால் எந்த இருபது என்று நீ எழுதவில்லை. நத்தையை ஒழிப்பதே தொழிலாய் இருக்கிறவன் அந்த இருபதைப் பிரித்தெடுக்க ஒரு முழுச் சாயங்காலம் பிடித்தது. மீதியைக் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு அம்மா என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

இருபதையும் புரட்டாமல், கழுவாமல், கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துப் புதுத் தேங்காய்நார்த் தூளில் வைத்து மேலே விரல் தடிமனுக்கு மூடிவிட்டேன். நம் மலைக்குளிர் இவற்றுக்கு ஆகாது. உன் நோட்டில் இருபத்து மூன்று டிகிரி என்றிருக்கிறது, இங்கே விடியற்காலையில் பதினேழு. வீடு முழுக்கத் தேடி, பிரிட்ஜின் மேல் பின்பக்கம் சூடாக இருப்பதைக் கண்டுபிடித்தேன். அம்மாவின் ஊறுகாய்ப் போத்தல்கள் கீழே வந்துவிட்டன. தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரத்தில் தொங்கிய வெப்பமானியை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து பெட்டியில் குத்தி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கிடைக்காவிட்டாலும் முட்டைகளைப் பார்த்துக்கொள்வேன்.

நாகரத்தினம்


ஐந்தாம் லயம்,
கேமரன் மலை.
மே 17

அன்புள்ள யுவனேஸ்வரிக்கு,

பொரித்துவிட்டன.

இதை முதல் வரியில் எழுத வேண்டுமென்று நாலு நாளாய்க் காத்திருந்தேன். புதன்கிழமை காலை தூளை லேசாய் விலக்கிப் பார்த்தபோது ஒன்று அசைந்தது. மிளகு அளவு. ஓடு கண்ணாடி மாதிரி, உள்ளே துடிப்பது தெரிகிறது. அம்மாவை எழுப்பினேன். நத்தையைப் பார்த்தால் ஓடுகிற அதே அம்மாதான், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் குனிந்தே நின்றாள். தேயிலைத் தொழிற்சாலைக்குத் தாமதமாகப் போய், பேர் பதிகிற கிராணியிடம் பேச்சு வாங்கினாள். என்ன காரணம் சொன்னாய் என்று கேட்டேன். வீட்டில் பிரசவம் என்று சொன்னாளாம்.

நோட்டில் இருக்கிறபடி நான் தொடாமல் விட்டேன். பொரித்து வந்த முட்டையின் ஓட்டையே தின்றுவிட்டு அதுஅது தன் நேரத்துக்கு மேலே வந்தது. இருபதில் பதினொன்று. ஐந்து முட்டை சுருங்கிப் போய்விட்டது, நாலு இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அவற்றை எடுக்கவில்லை. சில பேருக்கு வர நேரமாகும்.

இனி நீ போன் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. என் இரண்டாம் கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டதென்று போனில் உன் குரலைக் கேட்டதுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் வாசலில் நின்றேன். மருந்து அடிக்கிறவனுக்குக் காது மந்தம் என்பார்கள், எனக்கு அன்றைக்கு எல்லாம் கேட்டது. முட்டையை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டாய். தண்ணீரை அதிகம் தெளிக்க வேண்டாம் என்றாய். பிறகு நீ சொன்னதை அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு எனக்குச் சொன்னாள். “கைய நல்லா கழுவிட்டுத் தொடலாம்னு சொல்றா. கரண்டி வேணாமாம், குஞ்சு ஓடு ஒடஞ்சிடுமாம்.”

நான் உள்ளே போய்க் கையைக் கழுவினேன். தொட அப்போது ஒன்றும் இல்லை, முட்டைதான் மண்ணுக்குள் இருந்தது. இருந்தாலும் கழுவினேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் கையில் மருந்து இருக்கும் என்றுதான் நீ அந்தச் சீட்டை ஒட்டியிருக்கிறாய். நான் வேறு என்னென்னவோ நினைத்து மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். ஒருவேளை அந்த வேறு காரணங்களும் கொஞ்சம் இருந்திருக்கலாம். இருந்தாலும் தப்பில்லை. உன் அப்பா போன வீட்டுக்குள் ஒருவன் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. நான் இப்போது அந்த நாற்காலியில் உட்காருவதில்லை. அடுப்படியில் முக்காலி வசதியாக இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் பிரிட்ஜின் மேல் பெட்டியும் தெரிகிறது.

வேலையை விட்டுவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான். விடவில்லை. இந்த வயதில் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். திங்கட்கிழமையும் பம்பைத் தூக்கினேன். ஆனால் வேலைச் சட்டையைக் கொட்டகையிலேயே கழற்றிவிட்டு, அங்கேயே குளித்துவிட்டுத்தான் மோட்டார் ஏறுகிறேன். வீட்டுப் பாத்தியை மண்ணை வாரிவிட்டு மறுபடியும் போட்டாயிற்று, இந்த முறை மேட்டில். குஞ்சுகளுக்கு இப்போதைக்கு அம்மா கொல்லையில் வளர்க்கிற பூசணி இலை. மோகனாவுக்கும் அதுதான், முகம் கோணுகிறது.

அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. கியா பார்ம் பக்கம் விடுமுறைக் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது, நேற்று பிரிஞ்சாங் போய்வர இரண்டு மணி நேரமானது. நீ எந்தப் பக்கமாய் வந்தாலும் கூட்டமாகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டால் ஈப்போ என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம் அவளுக்கு. ஆனால் உன் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். மழை வந்தால் எடுப்பதும் வெயில் வந்தால் போடுவதுமாக மூன்று நாளாய் அதே வேலை.

கொட்டகையில் தங்குகிறேன் என்று முன்பு எழுதினேன். இப்போதும் அந்தச் சொல் சொல்தான். நீ வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே போய்விடுவேன். ஆனால் என் ஆசையைக் கேட்டால், போக எனக்கு விருப்பமில்லை. பதினொன்றும் பெட்டியின் சுவரில் ஏறி நிற்பதை நீ பார்க்கும்போது நானும் பக்கத்தில் நிற்க வேண்டும் போல் இருக்கிறது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கறுப்பு. பெயர் வைக்கவில்லை. அது உன் வேலை.

நீ வருகிற நாளைச் சொன்னால் தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு அம்மாவோடு முதலாளியின் லோரியில் வருகிறேன். நான் இறங்கமாட்டேன், லோரியிலேயே இருப்பேன். நீ முன்னால் உட்காரு. வழியில் பேச வேண்டியதில்லை.

ஒரு விஷயம். பெட்டியில் நீ ஒட்டிய சீட்டு இந்த மழை ஈரத்தில் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு வந்தது. எடுத்துப் போட்டுவிடலாம், இப்போதுதான் தொடலாமே என்று அம்மா சொன்னாள். நான் டேப் போட்டுத் திரும்ப ஒட்டி வைத்திருக்கிறேன். போனில் சொன்னது போனில் சொன்னதுதான். ஒட்டியவள் நீ. வீட்டுக்கு வந்து, உன் கையால் எடுப்பதானால் எடு. இருக்கட்டும் என்று தோன்றினால் இருக்கட்டும். எப்படியானாலும் வா, அம்மாடி.

வேளைக்குச் சாப்பிடு, இரவில் தலைக்குக் குளிக்காதே. உன் அப்பாவின் ஆசியும் முருகன் துணையும் உனக்கு என்றும் இருக்கட்டும்.

கையைக் கழுவிவிட்டு இதை எழுதும்,
நாகரத்தினம் அங்கிள்